ஆடியிலேயே தொடங்கட்டும் கிறிஸ்துமஸ் விளக்கு

எங்கள் எதிர்வீட்டு ஆயா அக்டோபர் கடைசியில் ஒரு பீங்கான் ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைப்பார். உலர்திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி அதில் போட்டு, ரம் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, சமையலறை அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிடுவார். டிசம்பர் மூன்றாம் வாரம் ரவை, வெண்ணெய், முட்டையோடு அந்தப் பழம் சேர்ந்து விவிக்கம் கேக்காக வேகும்போது எங்கள் சந்து முழுக்க மணக்கும். பழம் ஊறாமல் விவிக்கம் இல்லை. புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே வீட்டிலிருந்து எனக்கு ஆள் வருவது டிசம்பர் 20-ஆம் தேதி. "அக்கா, மாடியிலேருந்து கேட்டு வரைக்கும் லைட்டு போடணும். இருபத்திநாலுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க."

அந்த வீடு மட்டுமில்லை. டிசம்பர் 15-க்குப் பிறகு என் போன் ஓய்வதே இல்லை. வீடுகள், கடைகள், ஓட்டல்கள், வீதி இளைஞர்கள், பங்குப் பேரவைக்காரர்கள் என எல்லோருக்கும் ஒரே வாரத்தில் விளக்கு வேண்டும். அதனால்தான் ஆடி மாதத்திலேயே இதை எழுதுகிறேன். கேக்குக்குக் கொடுக்கிற அவகாசத்தை விளக்குக்கும் கொடுங்கள். அதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள். கேக் வீட்டுக்குள் வேகிறது. விளக்கு மழையில் தொங்குகிறது.

நான் விளக்குக் கட்டுகிறவள். புஸ்ஸி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா தொடங்கிய ஒலி-ஒளிக் கடையை இருபது வருடங்களுக்கு மேலாக நடத்திவருகிறேன். மைக்செட்டும் வாடகைக்குக் கொடுக்கிறோம் என்றாலும் அப்பாவுக்கு உயிர் விளக்கில்தான் இருந்தது, எனக்கும் அப்படித்தான். நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் எங்கள் தொழிலுக்கு எல்லாச் சாமியும் முதலாளி.

இந்த ஊரின் திருவிழா வரிசையைப் பாருங்கள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. ஈஸ்டர் முடிந்ததும் வில்லியனூர் லூர்து மாதா தேர். ஜூனில் திருஇருதய ஆண்டவர் பசிலிக்கா விழா. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளுக்கு, பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களின் வீடுகளில் மூவண்ண அலங்காரம். ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். ஆகஸ்ட் 15-ல் சுதந்திர தினமும் விண்ணேற்பு மாதா விழாவும் சேர்ந்து வரும். பிறகு விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, நவம்பர் 1 விடுதலை நாள், கார்த்திகை. டிசம்பர் 8 ஜென்மராக்கினி மாதா பெருவிழா. இத்தனையும் தாண்டித்தான் கிறிஸ்துமஸ் வருகிறது.

அதற்குள் எங்கள் ஊர்க் கடைகளில் உள்ள ஒவ்வொரு சீரியல் செட்டும் பல முறை மரமேறி இறங்கியிருக்கும். சுருட்டி, அவிழ்த்து, இழுத்து, நனைந்து, காய்ந்து களைத்திருக்கும். கட்டுகிற ஆட்களும் களைத்திருப்பார்கள். வருடத்திலேயே அதிக விளக்கு கேட்கிற பண்டிகைக்கு வருடத்திலேயே அதிகம் தேய்ந்த சரக்கை, தூக்கம் கெட்ட கைகளால், ஈரச் சுவரில் கட்டுகிறோம். இது சரியில்லை என்பதைக் கட்டுகிறவள் நானே சொல்ல வேண்டும்.

மழைக்குள் விழுகிற பண்டிகை

வெளிநாட்டுப் படங்களில் கிறிஸ்துமஸ் விளக்கின் மேல் பனி பெய்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஜென்மராக்கினி மாதா கோயிலில் கொடி ஏறுகிற நவம்பர் இறுதிதான் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் அடுத்தடுத்து உருவாகிற காலமும். நம் ஊர் கிறிஸ்துமஸ் விளக்கு முதலில் மழைக்கால வேலை, அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு.

பிரான்ஸின் லியோன் நகரத்துக் கதை ஒன்றை அப்பா அடிக்கடி சொல்வார். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டது. அந்த ஊரில் ஃபூர்வியேர் குன்றின் மேல் மாதா சிலை நிறுவ 1852 செப்டம்பர் 8 என்று நாள் குறித்தார்கள். சோன் ஆற்றில் வெள்ளம் வந்து வேலை தடைபட்டது. விழாவை டிசம்பர் 8-க்குத் தள்ளிவைத்தார்கள். அன்றும் கடும் மழை. வாணவேடிக்கை வேண்டாமென்று முடிவெடுக்கிற நேரத்தில், மாலையில் வானம் வெளுத்தது. ஊர் மக்கள் தாங்களாகவே சன்னல் விளிம்புகளில் மெழுகுத்திரிகளை ஏற்றிவைத்தார்கள். நகரமே சுடர்விட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்று உலகமெங்கும் இருந்து ஆட்களை ஈர்க்கிற லியோன் ஒளித் திருவிழாவாக நிற்கிறது.

டிசம்பர் 8 நமக்கும் மாதா நாள். வெள்ளமும் மழையும் நமக்கும் உண்டு. கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்கிற நமக்கு அந்தச் சன்னல் மெழுகுத்திரியை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. காற்றில் அணைந்த மெழுகுத்திரியைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நனைந்த மின்சார ஜாயின்ட் ஆளைக் கொல்லும். மெழுகுத்திரிக்கு ஒரு மாலைப் பொழுது போதும். மின்விளக்குக்கு ஐந்து மாதம் வேண்டும்.

இரண்டு புயல்கள்

2011 டிசம்பர் 30 விடியற்காலையை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய விளக்குகளைப் புத்தாண்டு வரை இருக்கட்டும் என்று எல்லா இடங்களிலும் விட்டுவைத்திருந்தோம். புயல் வருகிறது என்று முந்தைய நாளே தெரியும். ஆனால் எதை முதலில் இறக்குவது, யார் இறக்குவது, எந்த முடிச்சை அவிழ்த்தால் எந்த வரிசை கீழே வரும் என்று எங்களிடம் ஒரு கணக்கும் இல்லை. அவசரத்தில் கட்டியதை அவசரத்தில் அவிழ்க்க முடியவில்லை. கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தோம்.

காலையில் அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். வேரோடு சாய்ந்த மரங்களின் கிளைகளில் எங்கள் விளக்குகள் சுற்றிக்கிடந்தன. இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வரிசை, சாய்ந்த மரத்தோடு சேர்த்து மற்ற மரத்தின் கிளையையும் முறித்திருந்தது. மின்சாரம் வர நாட்கள் ஆயின. அப்பா ஒரு அறுந்த செட்டைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கட்டும்போதே இறக்குறதையும் யோசிச்சிருக்கணும்மா." என் தொழிலில் நான் கேட்ட மிக முக்கியமான வாக்கியம் அதுதான்.

அடுத்த வருடத்திலிருந்து முறையை மாற்றினோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காகிதம் உண்டு. எந்த வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை முடிச்சு, இறக்க எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று அதில் எழுதியிருக்கும். கட்டுக்கம்பிக்குப் பதில் ஒரே இழுப்பில் அவிழ்கிற நைலான் கயிற்றுச் சுருக்கு. மரத்துக்கு மரம் இழுப்பதை நிறுத்தினோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்டார்கள். புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது இடங்களில் கட்டியிருந்ததை ஒரே பகலில் இறக்கிக் கடை மாடியில் சேர்த்துவிட்டோம். எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மாடியில் விளக்குகள் உலர்ந்தே கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் பெரும்பாலானவற்றை மறுபடி கட்டினோம்.

"இத்தனை பேர் வீடு நனைஞ்சு கிடக்கும்போது விளக்கு தேவையா?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பகுதியில் பெரிய தோரணம் வேண்டாமென்று முடிவுசெய்து, அந்தப் பணத்தைப் பாய், போர்வைக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும் முனையில் ஏற்றச் சொன்னார்கள். அதை ஏற்றிய மாலையில், மாடியில் ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எதைக் குறைக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்துகொள்ளவும் முதலில் ஒரு திட்டம் கையில் இருக்க வேண்டும்.

ஆடியில் என்ன வேலை?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். விளக்குக்கும் அதுதான் பட்டம். வெயில் இருக்கிறது, மழை தொடங்கவில்லை, பெரிய விழாக்களுக்கு இடையில் சில நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் கடை முற்றத்தில் பாய் விரித்து எல்லா செட்டையும் கொட்டுவோம்.

முதலில் விரல்தான் வேலை செய்யும். ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருவிக்கொண்டே போக வேண்டும். வெயிலில் வெந்த ஒயர் மடங்கும் இடத்தில் நொறுங்கும். எலி கடித்த இடம் விரலில் நெருடும். சந்தேகம் வந்தால் அங்கே வெட்டிப் பார்ப்பேன். உள்ளே செம்பு ரோஜா நிறத்தில் பளபளத்தால் பிழைத்தது. பச்சையும் கறுப்பும் ஏறியிருந்தால் உப்புக் காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். கடலோர ஊர் விளக்குக்கு வருகிற நோய் இது. தூரத்து ஊர்களில் நான்கு வருடம் உழைக்கிற செட் நம் கடற்கரையோரம் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. பச்சை பிடித்த துண்டை வெட்டி எறிந்துவிட வேண்டும். டேப் சுற்றி மறைப்பது பாவம்.

பிறகு ஒரு ராத்திரி முழுக்க எரியவிடுவோம். ஒரு மணி நேரம் நன்றாக எரிகிற எல்.ஈ.டி. செட், எட்டு மணி நேரத்தில் தன் குறையைக் காட்டிவிடும். விடியற்காலையில் அடாப்டரைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு இருக்கலாம், சூடு இருக்கக் கூடாது.

அப்பா காலத்தில் இந்தச் சோதனை வேறு மாதிரி. அன்றைய சீரியல் செட்டில் 6 வோல்ட் பல்புகளை நாற்பதாக வரிசையில் கோத்திருப்பார்கள். நாற்பது ஆறு இருநூற்று நாற்பது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை நாற்பதும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் நாற்பதும் அணையும். பள்ளிக்கூட லீவில் அப்பா எனக்குக் கொடுத்த முதல் வேலை அதுதான். நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஹோல்டராக மாற்றி மாற்றிப் போட்டு, பிளக்கைத் திரும்பச் சொருகிப் பார்க்க வேண்டும். முப்பத்தேழாவது ஹோல்டரில் சட்டென்று வரிசை முழுக்க எரியும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

ஓடும் விளக்குக்கு அப்பா ஒரு மர உருளை வைத்திருந்தார். அதன் மேல் செம்புத் தகடுகளைப் படிப்படியாகப் பதித்திருப்பார். சின்ன மோட்டார் உருளையைச் சுற்ற, வரிசையாக நிற்கும் தொடு கம்பிகள் தகட்டில் படும்போது ஒவ்வொரு வரிசையாக எரிந்து அணையும். ஒரு நட்சத்திரத்தின் வால் நீண்டு நீண்டு ஓடிவந்து குடிலின் மேல் நிற்கும். தகடு எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று தாளில் வரைந்து பார்த்துத்தான் பதிக்க முடியும். 1882-ல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் முதன்முதலாக மின்விளக்கு போட்ட கிறிஸ்துமஸ் மரத்திலும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகள் இருந்தன. மரம் சுழலச் சுழல அவை எரிந்து அணைந்தன. அந்த 80 பல்பையும் கையால் கோத்தார்கள். விளக்கு அலங்காரம் பிறந்ததே திட்டத்திலிருந்துதான்.

ஆவணியில் கணக்கு. வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண சாக்கெட் 6 ஆம்பியர் தாங்கும். 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட்ஸ். ஜீரோ வாட் என்று பெயர் வாங்கிய பழைய குண்டு பல்பு, உண்மையில் 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். அதில் நூறு போட்டால் அந்த சாக்கெட்டின் கதை கிட்டத்தட்ட முடிந்தது. எல்.ஈ.டி.யில் சுமை மிகக் குறைவு. ஆனால் குறைவு என்ற தைரியத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பன்னிரண்டு பிளக் சொருகி அதைப் படிக்கட்டின் கீழ் ஈரத்தில் வைக்கிறோம். ஒவ்வொரு செட் அட்டையிலும் வாட்ஸ் எழுதியிருக்கிறது. கூட்டிப் பாருங்கள். ஐ.பி. என்று இரண்டு இலக்கமும் இருக்கும். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது. 20 என்றால் வீட்டுக்குள் மட்டும்தான். 44 சாரலைத் தாங்கும். 65 பீய்ச்சி அடிக்கிற நீரையும் தாங்கும். டிசம்பர் 22 அன்று கடைக்குப் போனால் 65 தீர்ந்துபோய் 20 மட்டுமே மிஞ்சியிருக்கும்.

புரட்டாசியில் எர்த். இதைச் சொல்லும்போது என் குரல் மாறும் என்று கடைப் பையன்கள் சொல்வார்கள். 2008 டிசம்பரில், மழை விட்ட ஒரு மாலை, ஒரு வீதியில் இரும்புக் கேட்டின் மேல் அவசரமாக விளக்குச் சுற்றினோம். டேப் ஒட்டிய ஜாயின்ட் ஒன்று கேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்களோடு வேலை செய்த பதினெட்டு வயதுப் பையன் கேட்டைப் பிடித்தான். கை ஒட்டிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை. அப்பா காய்ந்த சவுக்குக் கம்பால் அவன் கையை அடித்துப் பிரித்தார். பிழைத்துக்கொண்டான். வலது உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. தவறு எங்களுடையது. அந்த ஜாயின்ட்டைக் காலையில் வெயிலில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்று அவன்தான் எங்கள் மேஸ்திரி. ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்தில் அவன் ஏணியை இறக்குவதே இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற அந்தச் சின்னப் பெட்டியின் விலையை யாராவது பேரம் பேசினால், தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவான்.

ஐப்பசியில், மழை பலக்கும் முன், விளக்கில்லாத கயிறும் கொக்கியும் மட்டும் ஏறும். பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு ஆணிக்கு ஒரு முழம் பூச்சு பெயர்ந்து வரும். பால்கனிக் கம்பிக்கும் சன்னல் சட்டத்துக்கும் கவ்வி போட்டுக் கயிறு இழுக்கலாம். அளவெடுத்துக் கவ்வி செய்ய அவகாசம் வேண்டும். ஆணி அடிப்பது அவகாசம் இல்லாதவரின் வேலை. கார்த்திகையில் வானிலை அறிக்கை பார்த்து விளக்கு கயிற்றில் ஏறும். மார்கழியில் எரியும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் இறங்கும்.

எதை ஒளியில் காட்டுவது?

யோசிக்க நேரமிருந்தால் விளக்கு குறையும், அழகு கூடும். இருபது வருடத்தில் நான் கண்டது இது. நேரமில்லாதவர் சுவரை மூடுகிறார். நேரமுள்ளவர் கோடு வரைகிறார்.

ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள திருஇருதய ஆண்டவர் பசிலிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1907-ல் அர்ச்சிக்கப்பட்ட கோதிக் கட்டடம். புனிதர்களின் உருவங்களைத் தாங்கிய 28 வண்ணக் கண்ணாடிகள் அதில் இருக்கின்றன. பகலில் உள்ளே இருப்பவருக்கு அவை அழகு. இரவில், உள்ளே விளக்கு எரிந்தால், வீதியில் நிற்பவருக்கு அழகு. வெளியே பெரிய ஃபோகஸ் லைட்டைத் திருப்பினால் அந்தக் கண்ணாடிகள் குருடாகிவிடும். நூறு வருடத்துக்கு முன்பே தன் அலங்காரத்தைத் தானே செய்துகொண்ட கட்டடம் அது.

மிஷன் வீதியின் ஜென்மராக்கினி மாதா கோயில் இடிக்கப்பட்டும் மறுபடி எழும்பியும் 1791-ல் இன்றைய உருவத்துக்கு வந்தது. அந்த முகப்பின் இரட்டைத் தூண்களையும் மேல் முக்கோணத்தையும் ஒற்றை மஞ்சள் கோட்டில் காட்டினால் போதும். தூமாஸ் வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் கப்ஸ் கோயில் 1855-ல் கட்டியது. அதற்கு எதிரே ழான் தார்க் சிலை, அதற்கப்பால் இருட்டான கடல். அங்கே இருட்டுதான் பாதி அலங்காரம். அதையும் நாம் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

எல்.ஈ.டி. அட்டையில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2,700, 3,000 என்றால் அகல் விளக்கின் மஞ்சள். 6,500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை. நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு மஞ்சள்தான் பொருந்தும். ஓட்டல்காரர்கள் பலர் செல்போன் படத்துக்காக நீல வெள்ளையைக் கேட்கிறார்கள். மஞ்சளை ஒரு வாரம் போட்டுக் காட்டுங்கள், விருந்தாளிகள் எந்தப் பக்கம் நின்று படம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

கடலோரத்தில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி தேடும். கரையில் பளிச்சென்று விளக்கு இருந்தால் அவை ரோட்டுப் பக்கம் வந்துவிடும். வீராம்பட்டினம், நரம்பை பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் ஜனவரி 6 அன்று விளக்கை இறக்கிவிட்டால், அதுவும் குழந்தைகளுக்குச் செய்கிற கிறிஸ்துமஸ் உதவிதான்.

நம் சகோதர ஊரைப் பாருங்கள்

பிரெஞ்சு ஆட்சியில் நம்மோடு இருந்தவை காரைக்காலும் மாகேவும் ஏனாமும் மட்டுமல்ல. வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகரும் இருந்தது. 1950-ல் அது இந்தியாவின் கைக்கு வந்தது. நாம் 1954-ல் வந்தோம். இன்று இந்தியாவில் விளக்கு அலங்காரம் என்றால் சந்தன்நகர்தான். அங்கே ஜகத்தாத்ரி பூஜைக்காக வளர்ந்த கலை அது. மூங்கில் சட்டத்தில் சின்ன பல்புகளைக் கோத்து ஓடும் மயிலையும் பறக்கும் கிளியையும் ஒளியில் உருவாக்கினார்கள். ஸ்ரீதர் தாஸ் போன்ற கலைஞர்கள் அதை நாடறியச் செய்தார்கள். கொல்கத்தாவின் துர்கா பூஜைக்கும் பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் விளக்கு போகிறது. அக்டோபர், நவம்பரில் வருகிற விழாவுக்கு அந்தப் பட்டறைகள் பல மாதங்கள் முன்பே சட்டம் கட்டத் தொடங்கிவிடுகின்றன. அந்த ஊருக்கு விளக்கு ஒரு தொழில், ஒரு பெருமை.

நம்மிடமும் கைகள் இருந்தன. அப்பாவைப் போல உருளை செய்கிறவர்கள், பல்பைச் சாயத்தில் முக்கி நிறமேற்றுகிறவர்கள், மூங்கில் பிளாச்சில் நட்சத்திரம் கட்டிக் கண்ணாடிக் காகிதம் ஒட்டுகிறவர்கள் என்று முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் பலர் இருந்தார்கள். டிசம்பர் 20-க்கு ஆர்டர் வந்தால் அவர்களால் என்ன செய்ய முடியும்? பெட்டியில் அடைத்து வந்ததை வாங்கித் தொங்கவிடத்தான் முடியும். ஆவணியில் ஆர்டர் கொடுத்தால் மூங்கில் வாங்கலாம், சட்டம் கட்டலாம், இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுக்கலாம். காலம் தாழ்த்துவதால் நாம் இழப்பது பணம் மட்டுமல்ல, ஒரு கைத்தொழில்.

என் கோரிக்கை இதுதான். பங்குக் கோயில்கள், வீதிக் குழுக்கள், ஓட்டல்கள், வியாபாரிகள், நகராட்சி, மின்துறை, காவல்துறை எல்லோரும் ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். மிஷன் வீதியிலிருந்து கடற்கரை வரை எந்த வீதிக்கு எவ்வளவு மின்சுமை, தேர் போகிற வீதிகளில் கயிறு எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு எந்த வழி, புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்தில் இறக்க வேண்டும், கடைசி நாள் எது என்று ஒரு தாளில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தால் போதும். தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் சோதித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு மேசையும் ஒரு காலண்டரும் போதும்.

முன்கூட்டியே எல்லாவற்றையும் எழுதிவைத்தால் பண்டிகையின் குதூகலம் போய்விடாதா என்று என் மகள் கேட்டாள். எதிர்வீட்டு ஆயாவிடம் கேட்டுப் பார் என்றேன். அக்டோபரில் அந்த ஜாடியின் வாயைக் கட்டுகிற நாளிலேயே அவருக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. நடுநடுவே துணியை விலக்கி முகர்ந்து பார்ப்பார். ஒரு நாள் பண்டிகை அவருக்கு இரண்டு மாதம் நீள்கிறது. விளக்குக்காரர்களுக்கு அது ஐந்து மாதம் நீள்கிறது.

வீராம்பட்டினம் தேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், உங்கள் பரணில் சுருண்டு கிடக்கிற போன வருடத்துச் சீரியல் செட்டை ஒரு பையில் போட்டு, உங்களுக்குப் பழக்கமான லைட் கடைக்குக் கொண்டுபோங்கள். என் கடை பக்கத்தில் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். முற்றத்தில் பாய் விரித்திருப்போம். ஒயரை விரலால் உருவி, ஒரு ராத்திரி எரியவிட்டு, பிழைத்தது எது, தூக்கி எறிய வேண்டியது எது என்று மேஸ்திரி சொல்வான். மீதிக்கு மழை வருவதற்குள் நிறைய நாள் இருக்கிறது.